நிலாவாரை கட்டிக் கொடுத்த வருஷங்கள்

நாட்டு மருந்துக் கடையில் நிற்கிறவனுக்கு, அந்த வட்டாரத்தில் யார் யாருக்கு எத்தனை நாளாய் வயிறு கட்டியிருக்கிறது என்பது தெரிந்துபோகும். தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வதுதான் தொழிலில் பாதி. கடையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நிற்காதவர்கள் நான் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும்.

மதுரையில் கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கடை. அத்தா மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தினோம். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் நின்றவன், சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பும்வரை அந்தத் தராசுக்குப் பின்னால்தான் நின்றேன். சரக்கு பார்ப்பது, இடிப்பது, கலப்பது எல்லாம் அண்ணன். ஆட்களோடு பேசுவதும் பொட்டலம் கட்டுவதும் நான்.

சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று எத்தனையோ இருந்தாலும் நிலாவாரையைப் போல என்னை அலைக்கழித்த சரக்கு வேறில்லை. வெளிர்ப் பச்சையில் ஒல்லியான சின்ன இலை. வாயில் போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு வழவழவென்று கசக்கும். வெந்நீரில் ஊறவைத்து ராத்திரி குடித்தால் காலையில் வயிறு சுத்தமாகிவிடும். வெறும் இலையைக் குடித்தால் வயிற்றைப் பிசையும் என்று அண்ணன் அதோடு சுக்கும் ரோஜா மொக்கும் பெருஞ்சீரகமும் சேர்த்து இடித்து வைப்பார். உருது பேசுகிற வீடுகளிலிருந்து 'சனா மக்கி' என்று கேட்டு வருவார்கள். கிராமத்து ஆட்கள் 'பேதி இலை' என்பார்கள். கௌரவமானவர்கள் பேரே சொல்லாமல் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். எனக்கு வந்த கஷ்டங்கள் எல்லாம் அதில் இருந்துதான் ஆரம்பித்தன.

ஆவாரையும் நிலாவாரையும்

வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவர் வாரம் ஒருமுறை கடைக்கு வருவார். ஒல்லியான மனிதர், வெயில் தாங்காது. உடம்புச் சூடு தணிய ஆவாரை வாங்கிக்கொண்டு போய், காலையில் ஒரு சொம்பு தண்ணீரில் கொதிக்கவைத்து, காப்பிக்குப் பதிலாக அதைக் குடிப்பார். ஆவாரை சாது. எவ்வளவு குடித்தாலும் கோபித்துக்கொள்ளாது.

சித்திரைத் திருவிழா சமயம். சந்துக்குள் வண்டியும் மாடும் ஜனமும் நெருக்கியடிக்கிறது, எதிரே மேளச் சத்தம். குமாஸ்தா ஏதோ சொன்னார். என் காதில் 'வாரை' மட்டும் விழுந்தது. வயிற்றில் வேறு கை வைத்திருந்தார். கூட்டத்தில் பொத்தான் அறுந்துபோய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் நிலாவாரையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். காய்ந்த இலை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் அவர் வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. பொட்டலத்தைக் கடை மேடையில் வைத்தார். அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு சொம்பு முழுக்கக் குடிச்சிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன் தம்பி. கேஸ் கட்டைக் கையில வச்சுக்கிட்டே மூணு தடவை எந்திரிச்சு ஓடினேன். நாலாவது தடவை ஜட்ஜே பார்த்துட்டு வாய்தா போட்டுட்டார். எங்க வக்கீல் ரெண்டு மாசமாக் கேட்டுக் கெடைக்காத வாய்தா அது."

இருளாயி பிய்த்துக் காட்டிய இலை

எங்களுக்கு இலை இரண்டு வழியாக வரும். ஒன்று, தெற்குச் சீமையிலிருந்து வியாபாரி ஒருவர் வண்டியில் ஏற்றி வரும் மூட்டைகள். இன்னொன்று, கப்பலூர்ப் பக்கத்துப் புஞ்சையில் இலை பறிக்கப் போகும் இருளாயி என்ற பெண், கூலிக்குப் பதிலாகக் கிடைத்த பங்கை நிழலில் உலர்த்தித் தலைச்சுமையாகக் கொண்டுவருவது. அவள் கொண்டுவரும் இலை பச்சை மாறாமல் இருக்கும். சுமையை இறக்கிவிட்டுத் தெருவிலேயே நிற்பாள். 'மேலே ஏறி வாம்மா' என்று அண்ணன் சொன்னாலும் ஏறமாட்டாள். நாங்கள் ஒன்றும் நினைக்கமாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். கடையில் நிற்கும் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் தெரியும்.

ஒருநாள் வியாபாரி மூட்டையைப் பிரித்து வைத்திருந்தபோது அவள் வந்தாள். கீழே நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிடி இலை கேட்டாள். வாளித் தண்ணீரில் சற்று நேரம் நனைத்து, ஒரு இலையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது அம்பு முனை மாதிரிக் கூராகப் பிய்ந்து வந்தது. இன்னொன்றை இழுத்தாள். அது கோணல்மாணலாகக் கிழிந்தது. "மொதல்ல பிய்ச்சது கொழிஞ்சி. வயக்காட்டுல சும்மா மொளைக்கிறது. நெலாவாரை இப்பிடிப் பிய்யாது. காம்புகிட்ட பாருங்க, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் எறங்கியும் இருக்கும்" என்றாள். வியாபாரி, இவள் பேச்சை வைத்தா என் சரக்கை மதிப்பது என்று எழுந்துவிட்டார். அண்ணன் பிடி பிடியாக எடுத்து நனைத்துப் பார்த்தார். மூட்டையில் கால்வாசிக்கு மேல் கொழிஞ்சி. பத்து வருஷப் பழக்கம் அன்றோடு முடிந்தது. வியாபாரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர் எங்கள் சந்துப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு எந்த மூட்டை வந்தாலும் இருளாயி பார்க்காமல் அண்ணன் வாங்கமாட்டார். அவள் மேலே வரவில்லை; அதனால் அண்ணன் சாக்கையும் முக்காலியையும் தெருவுக்கு இறக்கி, அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இலையைப் புடைப்பார். போகிறவர் வருகிறவர் நின்று பார்ப்பார்கள். கடைக்கார ராவுத்தர் ஏன் தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவர் கேட்டே விட்டார். அண்ணன் இலையைப் புடைத்துக்கொண்டே இருந்தார். இருளாயிதான் தலை நிமிராமல் சொன்னாள்: "பறிச்சது யாருன்னு இலைக்குத் தெரியாதுய்யா. குடிக்கிறவுகளுக்கும் தெரியாது. வாங்குறப்ப மட்டுந்தேன் தெரியுது."

கேட்காமல் விட்ட கேள்வி

இதைச் சொல்லாமல் தாண்டிப்போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் கடையின் பழக்கம் மாறியது இதனால்தான்.

செல்லூரிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். முப்பது வயது இருக்கும். நாலு நாளாய் வயிறு கட்டிக்கொண்டிருக்கிறது, நன்றாகக் கேட்கும்படி கெட்டியாகக் கொடுங்கள் என்றார். நான் அவரை ஏறஇறங்கப் பார்த்து, திடமான ஆள்தான் என்று வெறும் இலையையே கூடுதலாகப் போட்டுக் கட்டினேன். அவருக்கா, வேறு யாருக்குமா என்று கேட்கவில்லை. மருந்து அவர் சம்சாரத்துக்கு. கலியாணமாகி ஏழு வருஷம் கழித்து முதல்முறையாக உண்டாகியிருந்தது, நாலாம் மாசம். மறுநாள் மத்தியானம் அவர் கடை வாசலில் வந்து நின்றபோது வேட்டி கசங்கி, கண் சிவந்திருந்தது. கத்தவில்லை. "அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு நர்ஸம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். அண்ணன்தான் விஷயத்தைக் கேட்டு வாங்கினார். விடிகாலையிலிருந்து வயிற்றைப் பிசைந்து வலிக்கிறது, உதிரமும் பட்டிருக்கிறது, செல்லூரிலேயே பிரசவம் பார்க்கிற இடத்தில் படுக்கவைத்திருக்கிறது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ போய் உன் வாயால சொல்லு" என்றார்.

போனேன். நர்ஸம்மா வயதானவர், பேச்சு குறைவு. இலையின் பேரையும் அளவையும் கேட்டுக்கொண்டு, "உண்டானவளுக்கு இதைக் கொடுக்கக்கூடாதுன்னு கடைக்காரனுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். தெரிந்துகொண்டா கொடுத்தாய் என்றார். அன்று சாயங்காலம்வரை அந்த இடத்து வராந்தாவில், தறிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போ என்று அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் உதிரம் நின்றது, பிள்ளை தங்கிவிட்டது என்றார்கள். அந்தப் பெண் படுக்கையிலிருந்து என்னைப் பார்க்கவேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் உள்ளே போனேன். மெலிந்த குரலில் அவள் சொன்னது இது: "இவுகளும் சொல்லல, நீங்களும் கேக்கலண்ணே. ரெண்டு பேரும் பேசாம இருந்தா மருந்து என்னண்ணே செய்யும்."

பக்கத்து வீட்டுக்காரர்

அன்றிலிருந்து நிலாவாரை கேட்டு யார் வந்தாலும் 'யாருக்கு, என்ன வயசு, வயித்துல வலி இருக்கா, வீட்டுல உண்டாகியிருக்காங்களா' என்று கேட்காமல் நான் தராசைத் தொடுவதில்லை. வயிற்றில் வலி என்றால் மருந்தே கிடையாது, டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிடுவோம். சின்னப் பிள்ளைகளுக்கும் கிடையாது. இதில் சிலருக்கு ரொம்பக் கோபம். மிளகு வாங்கினால் யாருக்கு ரசம் என்று கேட்கிறாயா என்றார் ஒருவர்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். வெளுத்த கோட்டு, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். அவருடைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் கடையில் நிற்கிற நேரமாகப் பார்த்து வந்து மாட்டிக்கொண்டார். யாருக்கு என்று கேட்டேன். தொண்டையைச் செருமி, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றார். அவருக்கு என்ன வயசு? அறுபது. உடம்பு எப்படி? அவர் யோசித்து, நல்ல கனம், கனத்த சரீரம் என்றார். உண்மையிலேயே அப்படி ஒருவர் அவர் பக்கத்து வீட்டில் இருந்தார், எனக்கும் தெரியும். நான் அந்தக் கனத்த சரீரத்துக்குத் தக்கபடி இலையை நிறுத்தேன். தராசுத் தட்டு கீழே இறங்க இறங்க வாத்தியாரின் முகமும் இறங்கிக்கொண்டே வந்தது. பையன்கள் போகும்வரை பொறுத்திருந்து, மேடைமேல் குனிந்து மெல்லச் சொன்னார்: "அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சுமாரா என் எடைதான் இருப்பார்னு வச்சுக்கிட்டு, கொஞ்சம் குறைச்சுக் கட்டுங்களேன்."

ராஜபார்ட்டின் இடுப்பு

அப்போது மதுரையில் நாடகக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ராஜபார்ட் கட்டும் ஒருவர் எங்கள் வாடிக்கை. நாற்பதைத் தொட்டிருந்தாலும் மேடையில் இருபத்தைந்து சொல்லலாம். இடுப்பு பெருத்தால் ராஜ உடை ஏறாது என்று தினமும் நிலாவாரை குடித்தார். ஆரம்பத்தில் பொட்டலத்தில் கால்வாசி போதும். ஒரு வருஷத்தில் அரைவாசி ஆயிற்று. பிறகு பொட்டலம் முழுசாகக் குடித்தாலும் வயிறு அசையவில்லை என்றார். நான் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் பேசும் பேச்சில் எனக்கு அவ்வளவு மயக்கம். கடையில் நின்றே ஒரு வசனம் சொல்லிக் காட்டுவார். சந்தே நின்று கேட்கும்.

ஒரு மத்தியானம் அண்ணன் அவரைக் கவனித்தார். கடை மேடையில் கையை ஊன்றாமல் அவரால் நிற்க முடியவில்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, படியேறினால் நடுங்குகிறது என்றார். முந்தின வாரம் சிம்மாசனத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல், எழுந்து பேசவேண்டிய வசனத்தை உட்கார்ந்தே பேசியிருக்கிறார். நாடகக் கம்பெனிக்காரர் வேறு ஆளைத் தேடுகிறார் என்பதும் காதில் விழுந்திருக்கிறது. அண்ணன் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி மறுபடி டப்பாவில் கொட்டினார். "இது எப்பவாவது ஒருநாள் குடிக்கிறதுண்ணே. தினசரி குடிச்சா குடலு சோம்பேறியாகிப் போகும், உடம்புல இருக்கிற சத்தெல்லாம் தண்ணியோட போயிரும். இனி எங்க கடையில உங்களுக்கு இது இல்ல" என்றார். ராஜபார்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. மதுரையில் நீ ஒருத்தன்தான் கடை வைத்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணன் அன்றே மற்ற நான்கு நாட்டு மருந்துக் கடைக்கும் நடந்து போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

நாலு நாள் கழித்து அவரே திரும்பி வந்தார். கோபமில்லை, பயந்திருந்தார். ஊறவைத்த உலர்ந்த திராட்சை, கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர், காலையில் வைகைக் கரைவரை நடை என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம் வயிறு உப்பிப் பெரிய அவஸ்தை. தினமும் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார். மூன்றாம் மாசம் உடம்பு தேறி, அதே கம்பெனியில் அதே வேஷத்தில் நின்றார். இடுப்பு கொஞ்சம் பெருத்திருந்தது. தையல்காரன் இரண்டு பக்கமும் பட்டுத் துணி ஒட்டுப் போட்டிருந்தான். அந்த ராஜ உடையைக் கடைக்குக் கொண்டுவந்து தூக்கிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "ராஜாவுக்கு இடுப்புதான் முக்கியம்னு இருந்துட்டேன் தம்பி. சிம்மாசனத்துல இருந்து எந்திரிக்கக் காலு வேணும்ங்கிறத யாருமே எனக்குச் சொல்லல."

கலியாண வீட்டுச் சர்பத்

எங்கள் ஜமாஅத்தில் ஒரு கலியாணம். பெண்ணின் தம்பிமார் மூன்று பேர் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். சனா மக்கி வேணும் என்றார்கள். யாருக்கு என்றேன். வீட்டில் இருபது பேருக்கு என்றார்கள். மூன்றாமவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் கொடுக்கிற சர்பத்தில் கலக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ வண்டி கட்டிக்கொண்டு மேலூர் தாண்டித் திரும்பிப் போகவேண்டியவர்கள். வழியில் ஒதுங்க ஒரு பொட்டலில் பனைமரம்தான் உண்டு. இளவட்டத்து வேடிக்கை, சரி. ஆனால் அந்த இருபதில் வயதானவர்கள் இருப்பார்கள், உண்டானவர்கள் இருப்பார்கள். எனக்குச் செல்லூர் வராந்தா ஞாபகம் வந்தது.

மறுத்தால் வேறு கடைக்குப் போவார்கள். அதனால் ஒன்றும் தெரியாதவன்போல் உள்ளே போய், ரோஜா மொக்கையும் பெருஞ்சீரகத்தையும் கொஞ்சம் ஏலத்தையும் சேர்த்து இடித்துப் பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து, இது ரொம்ப வேகமானது, பார்த்துக் கலக்குங்க என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன். ரகசியம் பேசும் குரலில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து மூத்தவன் மட்டும் வந்தான். பிரமை பிடித்தவன்போல் இருந்தான். "மாமு, உங்க மருந்துல என்னமோ கோளாறு. மாப்ள வீட்டாளுக ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. சர்பத்து பிரமாதம்னு ஆளுக்கு ரெண்டு குவளை கேட்டு வாங்கிக் குடிச்சாங்க, எங்களுக்குத்தான் பத்தாமப் போச்சு."

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது

சண்டை நடுவில் இருக்கும்போது மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். காதில் தண்டட்டி, தலையில் முக்காடு, நடந்தே வந்த கால் புழுதி. நிலாவாரை வேண்டும், நிறைய வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். மற்றவர்களைப் போல் அவர் மழுப்பவில்லை. "எம் மகனுக்கு. பட்டாளத்துக்குப் பேரு குடுத்துட்டு வந்துட்டான். நாளைக் கழிச்சு ஒடம்பு பாக்குறாகளாம். அன்னைக்கு அவனால நிக்க முடியாமப் போகணும்" என்றார். ஒரே மகன். புருஷன் இல்லை. மழையும் இரண்டு வருஷமாய் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக அவன் பேர் கொடுத்திருக்கிறான். அது அவருக்கும் தெரியும்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தம் இடத்திலிருந்து எழுந்து வந்து அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். நிறையக் கொடுத்தால் ஆள் கிறங்கி விழுவான், சில சமயம் எழுந்திருக்கவே மாட்டான், பட்டாளம் கொண்டுபோகாததை இது கொண்டுபோய்விடும் என்று எடுத்துச் சொன்னார். அந்த அம்மா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு உரியதை, சுக்கும் ரோஜா மொக்கும் சேர்ந்ததை, என்னையே கட்டச் சொன்னார் அண்ணன். இவ்வளவுதான், இதற்குமேல் இல்லை, அவனிடம் சொல்லித்தான் கொடுக்கவேண்டும் என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். செய்தது சரியா என்று அண்ணனும் நானும் அதற்குப்பிறகு பேசிக்கொண்டதில்லை. மகனைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள். அந்த அம்மா மாசம் ஒருமுறை மகன் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார். நான் படிப்பேன். பாதி வரியைப் பட்டாளத்துத் தணிக்கைக்காரன் மை பூசி அடித்திருப்பான். அந்த இடங்களில் நான் நிறுத்தினால், 'நல்லாருக்கேன்னுதேன் எழுதியிருப்பான், வாசி' என்பார். நானும் அப்படியே வாசிப்பேன். நடுவில் ஏழு மாசம் காகிதமே இல்லை. அப்போதும் வந்தார். வந்து, மேடைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

சண்டை முடிந்து ஒரு வருஷம் இருக்கும். காக்கி நிக்கரும் தகரப் பெட்டியுமாக ஒருவன் கடை முன்னால் வந்து நின்றான். பின்னால் அந்த அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் எழுந்து படி இறங்கிப் போய் அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். நான் அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டேன். குடித்தாயா என்றேன். குடித்தேன் என்றான். "ஆத்தா விவரத்தச் சொல்லித்தேன் குடுத்துச்சு. அது மொகத்தப் பாத்துட்டு, சரின்னு குடிச்சேன். விடிய நாலு தடவை போயிட்டு வந்துதேன் வரிசையில நின்னேன். எடை பாத்த தொரை ரெண்டு ராத்தல் கம்மின்னான். பக்கத்துல நின்னவன் சேர வர்ற ஆளும் கம்மின்னான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே முத்திரையக் குத்திட்டாங்கண்ணே."

இப்போது அந்தச் சந்தில் வேறு யாரோ கடை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் சுக்கு இடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் தேடும். இத்தனை வருஷம் அந்த இலையை நிறுத்துக் கட்டியதில் நான் அறிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஜனங்கள் நிலாவாரையை நம்பியதில் பாதியளவு ஒரு வாழைப்பழத்தையும் ஒரு சொம்பு தண்ணீரையும் நம்பியிருந்தால் அவர்கள் வயிறு சுகமாக இருந்திருக்கும், எங்கள் வயிறுதான் காய்ந்திருக்கும்.